நல்ல தண்ணீரில் கரையாத வெள்ளை

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் சவரியம்மாளின் மகள் கண்ணாடி காய்ச்சுகிறாள் என்றதும், "எந்த வளையல் கம்பெனியிலே?" என்று கேட்டவர்களே அதிகம். மேரிசெல்வி பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். புதுச்சேரியில் ஒரு கல்லூரி லேப்பில் அவள் காய்ச்சுவது எலும்புக்கான கண்ணாடி. மணல், சுண்ணாம்பு, சோடா, பாஸ்பேட் எல்லாம் உலையில் உருகி, ஆறி, சின்ன வில்லையாகும். எலும்பு பள்ளம் விழுந்த இடத்தில் வைத்தால் எலும்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த முறை கலவைக் கணக்கு முழுக்க அவளுடையது. "இதுவும் வரலேன்னா பழைய கலவைக்கே போயிடலாம்மா" என்று பேராசிரியை சத்யப்ரியா சொல்லிவிட்டார்.

இரத்தத்தில் இருக்கும் உப்புகளைக் கலந்த நீரில், உடம்புச் சூட்டில் வில்லையை ஊறப்போட்டாள். எலும்பின் தாது அதன்மேல் படிந்தால் பாஸ். இரண்டு வாரத்தில் வெள்ளை படிந்தது. ஆசை ஆசையாகக் கழுவி, காயவைத்து, எக்ஸ்ரே மெஷினில் வைத்தாள். மெஷின் காட்டியதோ சமையல் உப்பு!

"எதுல கழுவின?" என்றார் சத்யப்ரியா.

"ஊறின தண்ணியிலதான் மேடம்."

சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். உப்பளத்தில் வாரிய உப்பை, அது விளைந்த பாத்தியின் உப்புத் தண்ணீரிலேயேதான் அலசுவார்கள். நல்ல தண்ணீர் பட்டால் உழைப்பெல்லாம் கரைந்துபோகும். லீவு நாளெல்லாம் அம்மாவோடு அலசிய கை, லேப்பிலும் அதையே செய்துவிட்டது. உலகத்தில் வேறு எந்த லேப்பிலும் இப்படி ஒரு தப்பு நடந்திருக்காது.

"உப்புக்கு அடியில என்ன இருக்குன்னு பார்ப்போம். நல்ல தண்ணில கழுவு."

வெள்ளையின்மேல் நல்ல தண்ணீர் ஊற்றக் கை வரவில்லை. மொத்தமும் உப்பாக இருந்துவிட்டால் அவள் கலவையும் அதோடு போகும். ஊற்றினாள். மேலே கொஞ்சம் கரைந்தது. இன்னும் ஊற்றினாள். மிச்ச வெள்ளை அசையவில்லை. மறுபடி ஊற்றினாள். அப்படியே இருந்தது.

இந்த முறை மெஷின் எலும்பின் தாதுவைக் காட்டியது. "இது உன் கண்ணாடிம்மா. அடுத்து உயிருள்ள எலும்பு செல்லோட ஒட்டுதான்னு பார்க்க டெஸ்ட்டுக்கு அனுப்புறோம்" என்று சத்யப்ரியா அவள் கையைக் குலுக்கினார். மேரிசெல்விக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே அம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"நல்ல தண்ணி ஊத்தியுமா கரையல?"

"கரையலம்மா."

சவரியம்மாள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, பக்கத்துப் பாத்திக்காரியிடம் உப்பளமே கேட்கக் கத்தினாள்: "ஏய் மலர்கொடி, நல்ல தண்ணிக்கே கரையாத ஒண்ணை எம்பொண்ணு வெளைய வெச்சிருக்காடி!"