கையெழுத்து நாள்

எனக்கு ஓட்டை வாய் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வயதில் அந்த வாயை வைத்துக்கொண்டு எங்கள் பேக்கரியின் கிறிஸ்துமஸ் வியாபாரத்தையே கவிழ்க்கப் பார்த்தேன்.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கமான மைன்ஸ் மூடிய பிறகு அப்பா தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போனார். அம்மா ஆண்டர்சன்பேட்டையில் பேக்கரி வைத்தாள். அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வந்தார். இலங்கையில் சண்டைக்குத் தப்பி வந்து, முகாமில் இருந்து, பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பாலகாட்டில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தவர். மாதம் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு நாள் லீவுக்காகவே முன்பு இரண்டு இடங்களில் அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். அம்மா மட்டும், "கேக்கு பதமா வருது, எனக்கு அது போதும்" என்று சேர்த்துக்கொண்டாள். கடையில் மற்றவர்களுக்கு என்ன சம்பளமோ அதேதான் அவருக்கும்.

எனக்கோ அந்தக் கையெழுத்து பெரிய கௌரவமாகத் தெரிந்தது. போலீஸே கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறதென்றால் லேசுப்பட்ட ஆளா?

கிறிஸ்துமஸ் சமயத்தில் அவரவர் வீட்டிலேயே கேக் மாவைக் கலக்கி, ட்ரேயில் ஊற்றி, சுட்டுத் தரச்சொல்லி எங்கள் அடுப்புக்குக் கொண்டுவருவார்கள். யாருடையது என்று பெயர்ச்சீட்டு எழுதி ஓரத்தில் ஒட்டிக்கொள்வோம். அந்த வருஷம் கையெழுத்து நாள் சரியாக அந்த வாரத்தில் வந்து விழுந்தது. அக்கா காலையிலேயே போய்விட்டார். ட்ரேயோடு வந்த ஒருவர், அடுப்புக்காரம்மா எங்கே என்று கேட்டார். அம்மா உள்ளே மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"அவங்க போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்காங்க. மாசாமாசம் போவாங்க!"

பெருமையாகத்தான் சொன்னேன். ட்ரே கொடுக்க வந்து நின்ற இரண்டு பேர் காதோடு காதாக ஏதோ பேசிக்கொண்டார்கள். அப்புறம் ஒவ்வொரு ட்ரேயாக வீட்டுக்குக் கிளம்பியது.

அக்கா திரும்பி வந்தபோது மேசையில் நான்கு ட்ரேதான் மிச்சம். வழியில் ட்ரேயோடு எதிரே வந்தவர்கள் பேசியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். ஏப்ரனைக் கட்டிக்கொள்ளவில்லை. மடித்து மேசைமேல் வைத்துவிட்டு அம்மாவிடம், "நான் நிண்டா உங்கட கடைக்குத்தான் நட்டம் அக்கா. நான் போறன்" என்றார். அடுத்த வேலை எங்கே கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது.

அம்மா அந்த ஏப்ரனை எடுத்து அவர் கையிலேயே திணித்தாள். அவரை உள்ளே அனுப்பாமல், எல்லோரும் பார்க்கக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தாள். ட்ரேயோடு வாசலில் தயங்கி நின்ற ஒரு பெண்ணிடம் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"சண்டையில தப்பிச்சி வந்தவங்க. இங்கதான் கீறேன்னு கையெழுத்து போட்டுட்டு வராங்க, அவ்ளோதான். இந்த அடுப்பு அவங்க கையிலதான் இருக்கும். நம்பிக்கை இருந்தா வைங்க, இல்லன்னா எடுத்துனு போங்க."

அந்தப் பெண் வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். பிறகு ட்ரேயை இறக்கி வைத்தார். "எங்க தாத்தாவுக்கு மைன்ஸ்ல கையில நம்பரு போட்ட வளையத்தக் கட்டி வுட்டாங்களாம். அவரு இன்னா திருடனா? எம்பேரை எழுதிக்கோங்க."

அக்காவே சீட்டு எழுதினார். சாயங்காலத்துக்குள் போன ட்ரேக்களில் பாதிக்கு மேல் திரும்பிவிட்டன. சிலர் வரவேயில்லை. அவர்களை அம்மா கூப்பிடவும் இல்லை.

யார் உளறியது என்று அக்கா கடைசிவரை கேட்கவில்லை. எனக்கென்று தினமும் எடுத்துவைக்கும் பட்டர் பிஸ்கட்டை அன்றைக்கும் கொடுத்தார். அழுதுகொண்டே தின்றேன். அந்த பிஸ்கட்டுக்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

புது வருஷத்திலிருந்து மாதத்தில் ஒரு நாள் கடை விடுமுறை என்று அம்மா பலகை மாட்டினாள். எல்லோருக்கும் சம்பளத்தோடு லீவு. ஏன் என்று கேட்டால், "அடுப்புக்கும் ரெஸ்ட் வேணாமா?" என்பாள். அது அக்காவின் கையெழுத்து நாள் என்பதுகூட என் மண்டையில் ஏறவில்லை. பஃப்ஸ் கிடைக்காத எரிச்சலில், அம்மாவுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று அப்பாவிடம் கோள் சொன்னேன். அப்பா சிரித்தார்.

ஒருவர் மட்டும் மாதாமாதம் லீவு கேட்டு நிற்கக் கூடாதென்று அம்மா கடைக்கே லீவு விட்டிருந்தாள். அது எனக்குப் புரிவதற்கு, பல வருஷம் கழித்து ஓர் ஆபீஸில் நானே லீவு கேட்டு மேனேஜர் முன்னால் நிற்க வேண்டியிருந்தது.