மொட்டையடித்த மேய்க்கால்

தளிக்குப் பக்கத்து ஊர்க்காரி நாராயணம்மாவுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. புருஷன் செத்த பிறகு அவளையும் மகள் கவிப்ரியாவையும் காப்பாற்றியது மூன்று மாடுகளின் பால்தான். அந்த மாடுகளைக் காப்பாற்றியது ஊருக்குக் கிழக்கே, ஊர் மாடெல்லாம் மேயக் கிடந்த மேய்க்கால் புறம்போக்கு. அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று அவளிடம் யாராவது சொன்னால் சண்டைக்கே போய்விடுவாள்.

கார்த்திகை மாதம் அங்கே புல் முழங்கால் உயரம் நின்றது. அதை அளக்க ஆட்கள் வரப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் ஊரே கலங்கிப்போனது. எதற்கு அளக்கிறார்கள் என்று கேட்டுவர ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்பு பக்கத்து ஊர்ச் சரிவில் புல் நன்றாக இருக்கிறது என்று அதிகாரிகள் எழுதிப் போனார்கள். அடுத்த மாதமே ஏதோ திட்டம் என்று கம்பிவேலி போட்டு மாட்டை விரட்டினார்கள். இவர்களுக்குத் தெரிந்த பாடம் அது ஒன்றுதான். நாராயணம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். புல் இருந்தால்தானே வேலி போடுவான், ஒன்றுமில்லாமல் பண்ணிவிடுவோம் என்றாள். எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. இருக்கிற ஆடு மாடு அத்தனையையும் இறக்கினார்கள். அது போதாதென்று பக்கத்து ஊர் ஆட்டுப் பட்டிகளையும் கூப்பிட்டு மேயவிட்டார்கள். மிச்சத்தை அரிவாளால் அறுத்தார்கள். ஒரு வாரத்தில் நிலம் மொட்டையடித்த தலையாகிவிட்டது.

அளக்க வந்தது பிரியதர்ஷினி என்ற காலேஜ் பெண். அவள் கொண்டுவந்த இரும்புச் சட்டத்தைத் தூக்க நாராயணம்மாவையே கூலிக்கு வைத்துக்கொண்டாள். எங்கே சட்டத்தை வைப்பது என்று போன் காட்டியது. வைத்த இடத்தில் உள்ளே எத்தனை புல்தூர் இருக்கிறது என்று எண்ணினாள், மண்ணில் எவ்வளவைப் புல் மூடியிருக்கிறது என்று பார்த்தாள், பிறகு ஒட்ட அறுத்துக் காகிதப் பையில் போட்டாள். காயவைத்து எடை போடுவாளாம். பல பைகளில் ஒரு கைப்பிடி கூடத் தேறவில்லை. நாராயணம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

மத்தியானம் வேப்பமரத்தடியில் சாப்பிடும்போதுதான் இது எதற்கு என்று கேட்டாள். புல் நல்லபடியாக இருந்தால் மேய்ச்சல் நிலமாகவே விட்டுவிடலாம், இல்லையென்றால் தரிசு என்று சர்க்காரில் ஏதாவது கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றாள் அந்தப் பெண். நாராயணம்மா பிசைந்த சோற்றை அப்படியே கீழே வைத்தாள்.

"பாப்பா, போன வாரம் நாங்கதான் எல்லாத்தையும் மேயவிட்டு அறுத்துட்டோம். சுடுகாட்டுப் பக்கம் யாரும் கை வெக்கல, அங்க புல்லு அப்படியே நிக்குது. அங்க வந்து வெச்சுப் பாரு."

பிரியதர்ஷினி போனில் நிலத்தின் எல்லையைப் பார்த்தாள்.

"நானா இடம் தேடி வெக்கக் கூடாதும்மா. சுடுகாடு இந்த நிலத்துலயே சேராது. நீங்க சொன்னத எழுதுறேன். ஆனா இன்னைக்குச் சட்டத்துக்குள்ள இருக்குறதைத்தான் கணக்குல எடுப்பாங்க."

அவள் எழுதத்தான் செய்தாள். அதைப் படித்தவர்கள், அளவுக்கு மீறி மேய்ந்து பாழான நிலம் என்று புரிந்துகொண்டார்கள்.

பங்குனியில் மேய்க்காலைச் சுற்றிக் கம்பெனியின் சுவர் எழும்பியது. ஊரில் யாரும் நாராயணம்மாவைக் குறை சொல்லவில்லை, எல்லார் கையிலும்தானே அரிவாள் இருந்தது. ஆனால் யோசனை தன் வாயிலிருந்து வந்தது என்பதை அவளால் மறக்க முடியவில்லை. வைக்கோல் வாங்கிக் கட்டுப்படியாகாமல் மாடுகளை ஒவ்வொன்றாகச் சந்தைக்கு ஓட்டினாள். கடைசி மாட்டை விற்ற அன்று வீட்டுக்கு வந்து, மகள் எதிரிலேயே தன் வாயில் அறைந்துகொண்டாள்.

அந்த வருஷம் ஆவணியிலேயே மழை பிடித்துக்கொண்டது. சுவருக்குள்ளே கால்படாத நிலத்தில் புல் இடுப்பளவு வளர்ந்து காற்றில் சாய்ந்தது. கவிப்ரியாவோடு அந்த வழியாகப் போனவளை, வெளியூரிலிருந்து வந்திருந்த வாட்ச்மேன் வெள்ளைச்சாமி கேட் பக்கத்தில் நின்று கூப்பிட்டான். அவனுக்கு நல்ல மனசு.

"அக்கா, திங்கக்கிழமை ஜேசிபி வருது. எல்லாம் வீணாத்தான் போவப்போவுது. வேணுங்கிற மட்டும் அறுத்துக்கோங்க."

நாராயணம்மா புல்லைப் பார்த்தபடி நின்றாள்.

"மாடு இல்லப்பா" என்றாள்.