டம்ளர் தட்டாத ஞாயிறு

அவருக்குப் பென்சில் என்று பெயர் வைத்தது அண்ணன்தான். பதினாறு வயதில், பள்ளி விடுமுறையில், அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் ஒரு போல்ட்டை முடுக்கச் சொன்னார்கள். முடுக்கினார். போதும் என்கிற இடம் தெரியாமல் இன்னும் ஒரு சுற்று போட்டார். போல்ட்டின் தலை தனியாகக் கையோடு வந்துவிட்டது. அண்ணன் அதை வாங்கி, வேலையில் இருந்த ஏழு பேருக்கும் ஒவ்வொருவராகக் காட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே தம்பியின் சட்டைப் பையில் போட்டார்.

"இது பென்சில் புடிக்கிற கைடா. வீட்டுக்கு ஓடு."

ஏழு பேரும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அவர்களுக்கு அடி விழும். அதன்பிறகு ஒர்க்‌ஷாப் வாசலில் தம்பியின் தலை தெரிந்தாலே யாராவது ஒருவன், "மொதலாளி, பென்சில் வந்திருக்கு" என்று குரல் கொடுப்பான். பெயர் ஒட்டிக்கொண்டது. சொல்லிவைத்தாற்போல அவர் பென்சில் பிடித்தே பிழைக்கவும் நேர்ந்தது. ஓர் அச்சகத்தில் முப்பத்து நான்கு வருஷம் பிழை திருத்தினார். வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து எழுத்தெழுத்தாகப் படிப்பார். சரியாக இருந்தால் ஓரத்தில் ஒரு டிக். டிக் போட்ட வரிக்குத் திரும்பிப் போகமாட்டார். போனால் புத்தகம் ஒருநாளும் வெளிவராது என்பது அவர் கட்சி.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் மிச்சம். ஜன்னலோரம் இரும்புக் கட்டிலைப் போட்டு, அந்தக் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்திருந்தாள் அண்ணி. கட்டில் கம்பியில் ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் அவசரம். மூன்று என்றால் ஃபேன். ஊரையே அதட்டிய மனுஷனுக்கு மிஞ்சியது அந்த டம்ளரும், ஜன்னலில் தெரிகிற இருபதடி வாசலும், வாசலில் நிற்கிற அவருடைய பழைய காரும்தான்.

அந்தக் காரில்தான் வாரம் இரண்டு முறை உடற்பயிற்சிக்கு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். ஓட்டியது, இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த பென்சில். ஒருநாள் டாஷ்போர்டில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. இரண்டு நாள் கழித்து நடு ரோட்டில் இன்ஜின் நின்றது. பின்சீட்டில் அண்ணன் சாய்ந்து கிடக்க, முன்பின் தெரியாத நான்கு பேர் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள். ஓடும்போது பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கிற ஆல்டர்னேட்டர் போய்விட்டது.

ஒர்க்‌ஷாப்பின் பழைய ஆட்களுக்கு அண்ணி போன் போட்டாள். "நாளைக்கு வந்துடறேன்க்கா" என்றான் ஒருவன். அந்த நாளைக்கு ஒன்றரை மாதம் ஆகியும் விடியவில்லை. இன்னொருவன், "மொதலாளி ஸ்பேனரால அடிச்சதுல விரல் இன்னும் சரியா மடங்கல, எப்படிக்கா வேலை பாக்கிறது?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு வைத்தான். ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றது. கொஞ்சம் அசையத் தொடங்கியிருந்த வலது கால் மறுபடியும் கட்டையாகிக்கொண்டு வந்தது.

"நான் மாத்தறேன் அண்ணி" என்றார் பென்சில்.

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா? போன மாசம் குழாய்க்கு வாஷர் போட்டீங்களே, அன்னைலேர்ந்து சொட்டுது."

அவர் மூன்று வாரம் போனில் வீடியோ பார்த்தார். நோட்டுப் போட்டு, முதலிலிருந்து கடைசிவரை பத்தொன்பது படிகளாக எழுதினார். காரை ஓடவைக்க வேண்டும் என்பது ஊருக்குச் சொல்ல. அந்த ஜன்னலுக்கு எதிரில், அந்தக் கண்ணுக்கு முன்னால் ஓடவைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய நேர்த்திக்கடன் மாதிரியான ஆசை.

செத்துக் கிடந்த பேட்டரியை முந்தின நாளே கடையில் சார்ஜ் ஏற்றி வாங்கி மாட்டிவிட்டு, முதல் ஞாயிறு காலையில் ஆரம்பித்தார். நாற்றம் போகட்டும் என்று அண்ணி கார்க் கண்ணாடிகள் நான்கையும் பட்டனை அழுத்தி இறக்கி வைத்திருந்தாள்.

"வயரக் கழட்டிட்டா இதெல்லாம் ஏறாதே தம்பி. மழை வந்தா?"

"வராது அண்ணி."

முதல் படி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுவது. அதைக் கழற்றாமல் கை வைத்தால் ஸ்பேனர் எங்கே உரசினாலும் தீப்பொறிதான். கழற்றி ஒதுக்கிக் கட்டினார். பேட்டரி நனையாமலிருக்க மேலே பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டுக் கயிற்றால் சுற்றினார். நோட்டில் டிக்.

பதினாலாம் நம்பர் ஸ்பேனருக்குப் பதில் பன்னிரண்டை எடுத்தார். டங்! ஜன்னலிலிருந்து ஒரு தட்டு. பெல்ட்டைத் தளர்த்தாமல் பிடித்து இழுத்தார். டங், டங்! போல்ட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று கை ஒரு நிமிஷம் தயங்கியது. டங்டங்டங்டங்!

அண்ணி ஓடிவந்தாள். "என்னங்க, தண்ணியா? ஃபேனா?" அவர் முகத்தைப் பார்த்தவள் வெளியே தலையை நீட்டினாள். "தம்பி, உங்களப் பாத்துத்தான் சிரிக்கிறார். எட்டு மாசத்துல இன்னைக்குத்தான் சிரிச்சிருக்கார். நீங்க பண்ணுங்க, பண்ணுங்க."

எதிர்வீட்டு டெய்லரும் வேலியோரம் வந்து நின்று சிரித்தார். பென்சில் காது சிவக்க வேலை பார்த்தார். இரண்டு மணிக்கு ஆல்டர்னேட்டர் வெளியே வந்தது. அதிலிருந்து பேட்டரிக்குப் போகிற தடித்த வயரின் முனை எதிலும் படாமலிருக்க டேப் சுற்றி வைத்தார். ஆல்டர்னேட்டர் ரிப்பேர் பார்க்கிற டைனமோ கடைக்காரர் பழையதைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்து, இது தேறாது, வேறொன்று வர ஒரு வாரம் ஆகும் என்றார்.

இரண்டாம் ஞாயிறு. ஆல்டர்னேட்டரைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தார். கார்க் கண்ணாடிகள் நான்கும் ஏறியிருந்தன. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார். எப்படி ஏறின என்று நினைக்கவில்லை. பேட்டரி மேல் ஷீட் இருந்தது, கயிறு இருந்தது. நோட்டைத் திறந்தார். முதல் படிக்கு எதிரே அவருடைய டிக் இருந்தது.

வலது கை மோதிரத்தைக் கழற்றச் சொல்லி எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். முப்பது வருஷத்து மோதிரம். மனைவி இருந்தவரை கழற்றவிடவில்லை, அவள் போனபின் விரல் தடித்துக் கழற்ற முடியவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தார், வரவில்லை. வயரைத்தான் கழற்றியாயிற்றே என்று விட்டுவிட்டார்.

ஆல்டர்னேட்டரை இடுக்கில் நுழைத்தார். கீழ் போல்ட் ஏறவில்லை. ஜன்னலிலிருந்து சத்தத்தை எதிர்பார்த்து முதுகை இறுக்கிக்கொண்டார். சத்தம் வரவில்லை. மறுபடியும் பன்னிரண்டாம் நம்பரை எடுத்துத் தொலைத்தார். அப்போதும் இல்லை. திரும்பிப் பார்த்தார். அண்ணன் தூங்கவில்லை. தலையணையில் சாய்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளர் போர்வை மேல் கிடந்தது.

"என்னண்ணே, சத்தத்தையே காணோம்?"

அண்ணனிடமிருந்து அதே பார்வை மட்டும்.

பென்சிலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் கைதேர்ந்த ஆள் வேலை செய்யும்போது அண்ணன் இப்படித்தான் வாயைத் திறக்காமல் நின்று பார்ப்பார். அந்தப் பார்வை கிடைக்காமல் எத்தனை பேர் ஏங்கிப் போனார்கள் என்று அவருக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு வயதில் அது தனக்குக் கிடைத்துவிட்டது. கை தானாகப் பதமானது. போல்ட் ஏறியது. பெல்ட்டை மாட்டி, கட்டைவிரலால் அழுத்தி, அரை இஞ்ச் அமுங்குகிறதா என்று பார்த்தார். அமுங்கியது. தடித்த வயரின் டேப்பைப் பிரித்து, ஆணியில் மாட்டி, நட்டைப் போட்டார். எந்த இடத்தில் போதும் என்று இன்று அவருக்குத் தெரியும். அதை அண்ணனும் பார்க்கட்டும் என்று உடம்பைச் சற்று ஒதுக்கி நின்றுகொண்டு, ஸ்பேனரை இழுத்தார்.

ஸ்பேனர் நட்டில் இருந்தது. மோதிரம் ஸ்பேனரிலும் பக்கத்து இரும்பிலும் ஒருசேரப் பட்டது.

வெடி மாதிரி ஒன்று கேட்டது. நீலமாக ஒரு வெளிச்சம். மோதிரம் விரலிலேயே பழுத்தது. கையை இழுத்தார், வரவில்லை. இரும்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. காலால் பம்பரை உதைத்துப் பின்னால் விழுந்தபோதுதான் விடுபட்டது. தன் சதை கருகும் வாடையை அவரே முகர்ந்தார்.

அண்ணி கரண்டியோடு வெளியே ஓடிவந்தாள். டெய்லர் வேலியைத் தாண்டி வந்து பிளாஸ்டிக் ஷீட்டைப் பிய்த்தார்.

"சார்! வயரு மாட்டித்தானே இருக்கு! வியாழக்கிழமை மழை அடிச்சுச்சு, கண்ணாடி ஏத்தணும்னாங்க, நான்தான் மாட்டிக் கொடுத்தேன். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

அண்ணி வாயில் கை வைத்துக்கொண்டாள். "எனக்கு மறந்துடும்னுதானே தம்பி இவர்கிட்டச் சொல்லிவச்சேன். தம்பி கை வைக்கிறதுக்கு முன்னாடி தட்டுங்க, நான் வந்து சொல்றேன்னேன். தலைய ஆட்டினாரே!"

பென்சில் தரையில் கிடந்தபடி ஜன்னலைப் பார்த்தார். டம்ளர் இருந்த இடத்திலேயே இருந்தது, கைக்கு எட்டுகிற தூரத்தில். அண்ணனின் வாயில் அசைகிற பாதி மட்டும் மேலே ஏறியிருந்தது. பதினாறு வயதில் பார்த்த அதே சிரிப்பு. வியாதி அதைப் பாதியாக்கியிருந்தது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் மோதிரத்தை வெட்டி எடுத்தார்கள். அதோடு கொஞ்சம் தோலும் வந்தது. விரல் பிழைத்தால் பார்க்கலாம், பிழைத்தாலும் மடங்காது என்றார் டாக்டர். "என்ன வேலை பாக்கிறீங்க?"

"பென்சில் புடிக்கிற வேலை" என்றார் அவர்.

நாலு மணிக்கு டெய்லரின் ஸ்கூட்டரில் திரும்பி வந்தவர் நேரே காரிடம் போனார். "ஐயோ, விடுங்க தம்பி, கார் கெட்டுக் குட்டிச்சுவராப் போகட்டும்" என்று அண்ணி அழுதாள். காதில் வாங்கவில்லை. இடது கையால் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். கண்ணால் பார்த்தார், தொட்டும் பார்த்தார். மீதி நட்டை முடுக்க ஆரம்பித்தார். இடது கைக்குப் பழக்கமில்லாமல் ஸ்பேனர் வழுக்கியது.

டங்!

மறுபடியும் வழுக்கியது. டங், டங்!

அவர் நிமிரவில்லை. கடைசிப் படிவரை முடித்து, வயரை மாட்டி, சாவியைத் திருகினார். இன்ஜின் ஒரே இழுப்பில் பிடித்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. பேட்டரிக்குச் சரியாகச் சார்ஜ் ஏறுகிறதா என்று வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தார். பதினாலு புள்ளி ஒன்று. அதைவிடச் சரியாக எந்த மெக்கானிக்கும் போட்டுவிட முடியாது.

தட்டுவது நின்றிருந்தது.

பென்சில் காரில் ஏறி, தெருவில் விட்டுத் திருப்பி, பின்பக்கம் ஜன்னலைப் பார்க்க ரிவர்ஸ் போட்டார். கட்டுப் போட்ட கையின் உள்ளங்கையால் ஸ்டியரிங்கை அணைத்து, அச்சுக் கோப்பதுபோல் அங்குலம் அங்குலமாகப் பின்னால் விட்டார். ஜன்னலுக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போது நிறுத்தினார். வாசலும் தெருவும் வெளிச்சமும் மறைந்து, ஜன்னல் முழுக்க அழுக்குப் படிந்த பின்பக்கத் தகரம் மட்டும் நின்றது. இன்ஜினை அணைத்தார், ஹாண்ட் பிரேக்கை இழுத்தார், இறங்கிப் பூட்டினார்.

அண்ணிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "ஓடுதே தம்பி! அப்ப நாளைக்கே இவரைக் கூட்டிட்டுப் போயிடலாமா?"

"கை ஆறட்டும் அண்ணி."

"எத்தனை நாள் ஆகும்?"

"டாக்டர் சொல்லல."

"அதுவரைக்கும் ஜன்னல மறைச்சுக்கிட்டு நிக்குதே. கொஞ்சம் முன்னால விடுங்க. சாவியாவது கொடுங்க, டெய்லர விட்டு..."

"புதுசாப் போட்டது அண்ணி. அசைக்கக் கூடாது" என்றார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளே டம்ளர் தட்டத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் எண்ணவிடாமல். தகரத்தில் மோதித் திரும்பியதால் சத்தம் வாசலுக்குக் கொஞ்சம்தான் வந்தது. பென்சில் நோட்டை எடுத்து, கடைசிப் படிக்கு எதிரே இடது கையால் கோணலாக ஒரு டிக் போட்டுவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தார்.