முன்சக்கரத்துக்கு வைக்காத எலுமிச்சம்பழம்

என் காடிக்கு வயசாகிவிட்டது. எனக்கும்தான். அதனால் முன்சக்கரத்திலிருந்து 'ஊங்' என்று சத்தம் வர ஆரம்பித்தபோது ரேடியோவைக் கூட்டிவைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். வேகம் பிடித்தால் ரேடியோவையும் மிஞ்சியது அந்தச் சனியன்.

பண்டார் தெங்காராவிலிருந்து கூலாய்க்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், மனைவியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். ரெண்டு பக்கமும் செம்பனை, முன்னால் பழக்குலை ஏற்றிய லோரி, பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு அவள். அவள் கிட்னி போனதிலிருந்து எங்கள் வாழ்க்கையே இந்த ரோடுதான். சலித்துப்போய்விட்டது. சத்தியமாகச் சலித்துப்போய்விட்டது.

ஒரு நாள் வளைவில் ஸ்டியரிங் நடுங்கியது. பயந்துபோய்ப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே ஜேக்கில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். கடகடவென்று ஆடியது. பேரிங் போச்சு என்றார். பழசைக் கழற்றிப் புதுசை அழுத்தி ஏற்றினார். அப்பாடா என்று நான் எழுந்தால், அச்சு நுனியில் போடுகிற பெரிய நட்டைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்குகிறார். அதன் விளிம்பை அச்சின் பள்ளத்துக்குள் அடித்து மடக்கித்தான் பூட்டுவார்களாம். ஒரு தரம் நிமிர்த்திக் கழற்றினால் மறுபடி பிடிக்காது. புது நட்டு ஜொகூர் பாருவிலிருந்து நாளை சாயந்தரம்தான் வரும்.

"பழசையே போடுங்க தவுக்கே, நாளைக்குக் காலையில டயாலிசிஸ்!"

"தா போலே லா, முடியாது," என்றார், எஸ்டேட்டில் வளர்ந்த தமிழில். "ரோட்டுல சக்கரம் ஒரு பக்கம் ஓடும், நீங்க ஒரு பக்கம் ஓடுவீங்க."

ஒரு நட்டுக்காகவா என்று கத்தினேன். கத்தி என்ன ஆகப்போகிறது? பக்கத்து வீட்டுக்காரர் விடியுமுன் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுவார். வாடகைக் காடியும் அகப்படவில்லை. டயாலிசிஸ் நிலையத்துக்குப் போன் போட்டேன். நாளை மறுநாள் கட்டாயம் வரணும், அதுவரை தண்ணியைக் குறைங்க என்று தாதி கண்டித்தாள்.

மறுநாள் இவளைப் பார்க்கணுமே! பள்ளிக்கூடம் லீவு விட்ட பிள்ளை மாதிரி. தலைக்கு எண்ணெய் வைத்தாள். தனக்கு ஆகாத அப்பளத்தைப் பொரித்து எனக்குப் போட்டாள். நான் வயிறெரிந்துகொண்டிருக்கிறேன், இவளுக்கு என்ன கும்மாளம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சாயந்தரம் காடி வந்தது. சத்தம் சுத்தமாக இல்லை.

காடி பட்டறைக்குப் போய் வந்தால், பேட்டரி மாற்றியிருந்தால்கூட, முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினால்தான் அவள் ஏறுவாள். மறுநாள் காலை பார்க்கிறேன், சக்கரத்தடியில் ஒன்றுமில்லை. கால் வீங்கிச் செருப்பு நுழையாமல், பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எலுமிச்சம்பழம் எங்க?"

"வைக்கலங்க. இந்தக் காடி நின்னு போகணும்னுதான் நான் வேண்டிக்கிட்டேன். அதுக்கு நானே எப்படிப் பழம் வைக்கிறது? போதுங்க. கையில ஊசி குத்த இடமில்ல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நேற்று அந்த ரோட்டுக்குப் போகாமல் நானும் நிம்மதியாகத்தான் தூங்கியிருந்தேன். சரி, போதும் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவள் காலைப் பார்த்தேன்.

உள்ளே போய் ஐஸ்பெட்டியைத் துழாவி ரெண்டு பழம் எடுத்து வந்தேன். முட்டி வலிக்கக் குனிந்து நானே வைத்தேன். எந்தப் பக்கம் முதலில் வைப்பாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"நீ இல்லாம இந்தக் காடிய நான் எங்க ஓட்டிக்கிட்டுப் போறது? எனக்காக ஏறும்மா."

அவள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டும் காயா இருக்கு. பழுத்ததா பார்த்து எடுக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று திட்டிக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள்.