கதையில் வரும் சிங்கப்பூர்க்காரி

கதாநாயகன் கப்பல் ஏறினால் நான் அந்தப் புத்தகத்தை மூடிவிடுவேன். பல வருடங்களாக என் விமர்சனக் கொள்கை இது ஒன்றுதான். எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, நடை தேனாக ஓடினாலும் சரி, அவன் நாகப்பட்டினத்தில் நின்று கைக்குட்டையை ஆட்டிவிட்டானென்றால் மேற்கொண்டு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் ஊரில் காத்திருப்பாள். அவன் சிங்கப்பூரில் காணாமல் போவான். பத்து அத்தியாயம் கழித்துத் தோல்பெட்டியோடு வந்து இறங்குவான். நடுவில் சிங்கப்பூரில் என்ன நடந்தது என்று மெனக்கெட்டு எழுதியவர் யாரும் இல்லை. நான் அந்தப் பத்து அத்தியாயத்துக்குள் பிறந்து வளர்ந்தவள்.

ஐம்பதுகளில் நாங்கள் சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மளிகைக் கடையின் மாடியில் குடியிருந்தோம். நான் தமிழ்ப் பள்ளியில் கீழ்வகுப்புகளுக்கு ஆசிரியை. வாரப் பத்திரிகை என்று பெயரே தவிர, எங்களுக்கு அது கப்பல் பத்திரிகை. சென்னையிலிருந்து கப்பல் வந்தால் நாலைந்து வாரத்து இதழ்கள் ஒரே கட்டாக வந்து சேரும். கப்பல் வராவிட்டால் கதாநாயகி எந்த நிலையில் நின்றாளோ அந்த நிலையிலேயே நிற்க வேண்டியதுதான். ஊரில் இருந்தவர்கள் வாரம் ஒரு வாய் சாப்பிட்டார்கள். நாங்கள் ஒரு மாதம் பட்டினி கிடந்துவிட்டு ஒரே நாளில் விருந்து சாப்பிட்டோம். அதனால் எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு குணம் ஊறிப்போயிருந்தது. எது தாமதமானாலும் கப்பலைத்தான் குறை சொல்வோம்.

சந்தில் ஐந்தாறு வீடுகள் சேர்ந்து ஒரு பிரதி வாங்கினோம். படிப்பதற்கு முறை உண்டு. எங்கள் வீட்டுக்கு அடுத்த முறை பக்கத்துக் கட்டடத்து மாடியறையில் தங்கியிருந்த ஒருவருடையது. துறைமுகத்துக் கிடங்கில் கணக்கர். அப்போது அவர், இப்போது அவன். நான் படித்து முடித்ததும் அவனே வந்து வாங்கிப் போவான். எங்கள் வாசலில் நின்று, அம்மா காதில் விழும்படியாக, கதையைப் பற்றி நாலு வார்த்தை பேசுவான்.

அந்த வருடம் ஒரு சமூகக் காதல் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து மாப்பிள்ளை, தாலி கட்டிய கையோடு சிங்கப்பூருக்கு வருகிறான். மனைவி ஆற்றங்கரையில் காத்திருக்கிறாள். இங்கே அவனுக்கு ஒரு சிங்கப்பூர்க்காரி வாய்க்கிறாள். கிராப்பு வெட்டிய தலை, உதட்டுச் சாயம், கையில் சிகரெட். அத்தியாயத்துக்கு ஒரு முறை குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். எங்கள் சந்தில் அதைப் படித்துவிட்டுச் சிரிக்காத பெண் இல்லை. எல்லோரும் எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய தலையோடு, குழாயடியில் வரிசையில் நின்றபடி, யாரடி அந்தச் சிகரெட்டுக்காரி என்று ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டோம்.

அவனும் சிரித்தான். "எழுதினவரு சிங்கப்பூரையே பாத்ததில்ல லா. இங்க இருக்கிற பொண்ணுங்க எப்படின்னு எனக்குல்ல தெரியும்" என்று இந்த ஊர் 'லா'வையும் சேர்த்துச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வைக்குக் கதைகளில் ஒரு பக்கம் முழுக்க வர்ணனை எழுதுவார்கள். நான் எழுதப் போவதில்லை.

அப்படியே பேச்சு வளர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் என் அப்பாவிடம் நேரடியாகவே கேட்டான். ஊருக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன், வந்ததும் தேதி வைத்துவிடலாம் என்றான். அப்பா சம்மதித்தார். அம்மா தெருவிலிருந்த பெண்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். குழாயடியில் எனக்கு முன்வரிசை கொடுத்தார்கள். தஞ்சோங் பகார் துறைமுகத்துக்கு எங்கள் வீட்டோடு போய் வழியனுப்பினோம். அவன் கைக்குட்டையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். நாகப்பட்டினத்தில் நிற்கும் கதாநாயகியாகத்தான் என்னை நினைத்துக்கொண்டேன். கப்பல் எந்தத் திசையில் போகிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்று மாதத்தில் வருவதாகச் சொன்னவன் வரவில்லை. கப்பல் லேட்டு என்றார்கள். அடுத்த கப்பல் வந்தது; அதிலும் அவன் இல்லை. அந்தக் கப்பலில் டிக்கெட் கிடைத்திருக்காது என்றாள் எதிர்வீட்டு அக்கா. ஒரு சந்தே சேர்ந்து அவனுக்காகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. வேறு எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும் விஷயத்தைப் புரிந்துகொண்டிருப்பாள். நாங்கள் தொடர்கதை படித்துப் பழகியவர்கள். இந்தக் கட்டில் வராதது அடுத்த கட்டில் வரும் என்று நம்புகிற ஜாதி.

வந்தான். வெற்றிலை பாக்கும் அதிரச டின்னுமாகத்தான் எங்கள் மாடிப்படி ஏறி வந்தான். கழுத்தில் புதுச் சங்கிலி, விரலில் மோதிரம். அம்மாவைப் பார்த்து, "ஊர்ல திடீர்னு முடிச்சு வச்சிட்டாங்கம்மா. அத்தை பொண்ணு. எங்கம்மாவுக்கு உடம்பு முடியல, கண்ணை மூடறதுக்குள்ள பாக்கணும்னு சொன்னாங்க. நான் என்ன பண்றது" என்றான். மனைவியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். அப்போது பலரும் அப்படித்தான் செய்தார்கள்.

அம்மா அதிரச டின்னை வாங்கிக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்து, "தம்பிக்கு ஒரு காபி போட்டுக் குடும்மா" என்றார்.

அப்பாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அடித்து விரட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. அந்தக் காபியையாவது தவிர்த்திருக்கலாம். போட்டேன், கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்தவன் வாசலில் நின்று, பழைய வழக்கப்படி, "அந்தக் கதை முடிஞ்சிருச்சா?" என்று என்னிடம் கேட்டான்.

முடிந்திருந்தது. சந்தில் எல்லோரும் படித்து முடித்த பிறகு, எங்கள் வீட்டு வழக்கப்படி பக்கங்களைக் கிழித்து எடுத்து, ஊசி நூலால் தைத்து, பழுப்புத் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தேன், அவன் வந்தால் கொடுப்பதற்காக. இன்னும் முடியவில்லை என்று சொல்லி அனுப்பினேன். சீக்கிரமே அவன் அறையைக் காலி செய்துகொண்டு வேறு பக்கம் போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தொடரை மறுபடி எடுத்துப் படித்தேன். சிரித்துக்கொண்டே தாண்டிப் போன பக்கங்களில் நின்று படித்தேன். ஊரில் ஒருத்தி. அவளுக்கு உரிமை, தாலி, முறை எல்லாம் உண்டு. இங்கே ஒருத்தி. அவன் பேச்சை நம்பியதுதான் இவள் செய்த ஒரே காரியம். ஆனால் அதை எழுதினால் கதை கெட்டுப்போகும். அதனால் கையில் சிகரெட்டைக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் இவளுக்குக் காய்ச்சல் வருகிறது. சாகும்போது, "அக்காவிடம் போய்ச் சேருங்கள்" என்று அவனுக்கு நன்றி சொல்லி விடை கொடுக்கிறாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தோல்பெட்டியை எடுக்கிறான். எழுத்தாளர் இவளைக் கொன்றதில் எனக்கு ஆத்திரமில்லை. இவள் வாயாலேயே நன்றி சொல்ல வைத்தார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதே பத்திரிகைகளில் மாயக் காதல் தொடர்களும் வரும். கந்தர்வன் வானத்திலிருந்து இறங்கி வருவான். பொய்கையில் குளிக்கும் இளவரசியைப் பார்ப்பான். நாக கன்னி, பறக்கும் குதிரை, பேசும் கிளி, எல்லாம் உண்டு. படித்த மனிதர்கள் அவற்றைப் படிப்பதைக் கௌரவக் குறைவாக நினைப்பார்கள். எங்கள் பள்ளித் தலைமையாசிரியர், "டீச்சர், நீங்களுமா இந்தக் குப்பையை எல்லாம்?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் குப்பைதான் யோக்கியமானது என்பது என் கட்சி. முதல் வரியிலேயே இது பொய் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. கந்தர்வன் வரும்போதே பௌர்ணமியன்று போய்விடுவேன் என்று சொல்லிவிட்டு வருகிறான். காதலித்தவளை அவன் மறக்க வேண்டுமென்றால் ஒரு முனிவர் வந்து சாபம் கொடுக்க வேண்டியிருக்கிறது. சாபம் இல்லாமல் ஓர் ஆண் மறந்துபோவான் என்று எழுத அந்தக் கதைக்காரர்களுக்கு மனம் வரவில்லை. சமூகக் கதைக்காரர்களுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு அவன்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய இடத்தை அவனுக்குக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

அறுபதுகளில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு மாடியில் சின்ன வாசகசாலை ஒன்று நடந்தது. சனிக்கிழமை மதியம் பெண்களுக்கு மட்டும். அந்த நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. என்னிடமிருந்த தைத்த தொடர்களையெல்லாம் அங்கேதான் கொடுத்திருந்தேன். காதல் கதைகளைக் கேட்டு வருகிறவர்களிடம் என் அபிப்பிராயத்தையும் சேர்த்துக் கொடுப்பேன். சிலருக்கு அது பிடிக்காது.

ஒரு சனிக்கிழமை, கையில் ஒரு பெண் குழந்தையோடு புதிதாக ஒருத்தி படியேறி வந்தாள். ஊரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் என்பது சேலைக்கட்டிலேயே தெரிந்தது.

"டீச்சர், ஒரு கதை இருக்குதுங்களா? புருஷன் சிங்கப்பூருக்குப் போயிருவான். அங்க ஒரு கிராப்புத் தலைக்காரி அவனை மடக்கிருவா. பொண்டாட்டி ஆத்தங்கரையில நிப்பா."

இருக்கிறது என்றேன்.

"எங்க ஊர்ல கிடைச்ச புத்தகத்துல கடைசிப் பக்கமெல்லாம் கரையான் அரிச்சுப்போச்சு. முடிவே தெரியல. எங்க வீட்டுக்காரரும் அப்ப இங்கதானே இருந்தாரு. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கம் வராது. அந்தச் சிங்கப்பூர்க்காரி செத்துப்போகணும்னு மாரியம்மனுக்கு வேண்டியிருக்கேன்னா பாத்துக்கங்க" என்று சொல்லிச் சிரித்தாள். நல்ல முகம். பொய் இல்லாத சிரிப்பு. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

நான் அலமாரியில் தேடிக்கொண்டிருந்தேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

"அவருக்கும் இந்தக் கதை தெரியும் டீச்சர். கிடங்கு வேலையில சேந்த புதுசுல பக்கத்து வீட்ல வாங்கிப் படிப்பாராம். யாரு வீடுங்க, ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வரலாம்னேன். யாரோ ஒரு குடும்பம், பேரெல்லாம் ஞாபகமில்லைன்னுட்டாரு. கீழதான் நிக்கிறாரு, பொம்பளைங்க நேரம்னு மேல வரல."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்துக் கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில், ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் குழந்தையின் செருப்புமாக நின்றிருந்தான். கொஞ்சம் தொப்பை விழுந்திருந்தது. அவனுக்குச் சாபம் கொடுத்த முனிவர் யாரும் அந்தத் தெருவில் தென்படவில்லை.

பழுப்பு அட்டை போட்ட புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வழக்கமாகச் சொல்லும் அபிப்பிராயத்தைச் சொல்லவில்லை. அவள் அதைத் திறந்து, தையலைத் தடவிப் பார்த்து, "எவ்வளவு பத்திரமா தச்சு வச்சிருக்காங்க" என்றாள். பிறகு ஆவல் தாங்காமல், "நீங்க படிச்சிருப்பீங்களே, சொல்லிருங்க டீச்சர். அவ செத்துருவாளா?" என்று கேட்டாள்.

"செத்துருவா" என்றேன்.

"அப்பாடா" என்றாள். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, குழந்தையைக் கையில் பிடித்தபடி படியிறங்கிப் போனாள்.