ஞானேஸ்வரனின் நாலு நிமிடம்

லண்டன் வால்தம்ஸ்டோவில் லோண்டரிக் கடை வைத்திருக்கும் ஞானேஸ்வரன் ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளர் என்றால், அவருடைய வாடிக்கையாளர்களே சிரிப்பார்கள். சிரிக்கட்டும், உண்மை அதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் பாரிஸ் போய், பகலில் உணவகத்தில் கோப்பை கழுவி, மாலையில் நகரசபையின் இசைப்பள்ளியில் படித்து, பிரெஞ்சுப் பிரஜையாகி, பத்துப் பதினைந்து வருடம் மெல்லிசை எழுதினார். மெல்லிசை என்றதும் எந்தப் படப் பாட்டு என்று கேட்காதீர்கள். இது முப்பது நாற்பது பேர் சேர்ந்து வாசிப்பது. வயலின்கள் மிதந்து வர, நடுவில் ஒரு புல்லாங்குழல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். வானொலியில் செய்திக்கும் காலநிலைக்கும் இடையிலும், பெரிய கடைகளின் லிஃப்டிலும் அவை ஒலித்தன. யார் எழுதியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டன் வந்தபின் எழுதுவதை விட்டுவிட்டார். ஆனாலும் இஸ்திரிப்பெட்டி ஆவி விடும்போதெல்லாம் தலைக்குள் வயலின்கள் எழும்பும். கையில் இருப்பது யாருடைய சட்டை என்பதையே மறந்து, அந்த ஆவிக்குள் கனவு கண்டபடி நிற்பார்.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. மனைவி நகுலேஸ்வரி அவருடைய இசையை ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. பாரிஸின் ஒற்றை அறை வீட்டில் இவர் கீபோர்டில் தட்டித் தட்டி எழுத, நகுலேஸ்வரி முதுகைக் காட்டிக்கொண்டு சமைப்பார்.

"நல்லாயிருக்கோ?"

"ஓம், ஓம். இஞ்சேருங்கோ, உப்புக் காணுமோ எண்டு பாருங்கோ."

முப்பது வருடமாக அந்த 'ஓம், ஓம்' அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

போன வசந்தத்தில், டொலறஸ் என்ற தமிழ்ப் பெண் கச்சேரிக்குப் போடும் கறுப்புச் சட்டையை அழுத்தக் கொண்டுவந்தாள். உள்ளூர் ஓர்கெஸ்ட்ராவில் செலோ என்ற பெரிய வயலின் வாசிப்பவள். பேச்சுவாக்கில் விஷயம் வெளியே வந்துவிட்டது. "அங்கிள், உங்கடையை நாங்கள் வாசிக்கிறம்!" என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டாள். ஞாயிறு மூன்று மணி, தேவாலய மண்டபம். முதல் உருப்படியே அவருடைய 'கால்வாயோர நடை'. நாலு நிமிடம்.

ஞானேஸ்வரனுக்குக் கால் தரையில் படவில்லை. நகுலேஸ்வரி வேறு வேலை எதுவும் இல்லாமல் முன்வரிசையில் இருந்து அந்த நாலு நிமிடத்தையும் கேட்க வேண்டும். வேறொன்றும் அவர் ஆசைப்படவில்லை.

நகுலேஸ்வரியும் சும்மா இருக்கவில்லை. சொந்தபந்தம் இருபது பேருக்குப் போன் போட்டார். "மூண்டு மணி எண்டு போட்டிருக்கு. விளக்கேத்தி, வரவேற்புரை முடிய நாலாகும். நாலுக்கு வந்தால் காணும்." நம்முடைய விழாக்களுக்குப் போய்ப் பழகியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். காலையிலேயே ஒத்திகைக்குப் போய்விட்ட மனுசனுக்கு இது தெரியாது.

மூன்று அடித்ததும் ஓர்கெஸ்ட்ரா நடத்துனர் கோலை உயர்த்திவிட்டார். விளக்கும் இல்லை, பிரதம விருந்தினரும் இல்லை. வயலின்கள் மெல்ல அசைந்து வந்தன. ஜன்னல் வெயில் தண்ணீராகி, மண்டபமே அதில் மிதப்பது போலிருந்தது. அவர் பக்கத்தில் இருபது கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. மூன்று மணி ஐந்துக்கு அவருடையது முடிந்தது. கைதட்டலுக்கு எழுந்து நின்றவருக்கு அழுகைதான் வந்தது.

நாலு மணிக்குப் பட்டுச்சேலையும் எல்லாருக்கும் சாப்பிட இரண்டு பெட்டி ரோல்ஸும் பின்னால் ஒரு படையுமாக நகுலேஸ்வரி வந்து சேர்ந்தபோது, சனம் இடைவேளைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் தொடங்கேல்லையோ?"

"என்ரை முடிஞ்சுது," என்றார் ஞானேஸ்வரன்.

கச்சேரி கலைந்ததும் இருவரும் காரில் ஏறினார்கள்.

"நான்தான் கெடுத்துப்போட்டன்," என்றார் நகுலேஸ்வரி. "இப்ப பாடிக் காட்டுங்கோ, கேக்கிறன்."

"வேண்டாம், விடும்."

ஞானேஸ்வரன் காரைக் கிளப்பச் சாவியில் கை வைத்தார். அப்போது நகுலேஸ்வரி தானே மெல்ல மெட்டை முணுமுணுக்கத் தொடங்கினார். கால்வாயோர நடை. வயலின்கள் வரும் இடம், குழல் நுழையும் இடம், ஒன்றும் பிசகவில்லை. முடிகிற இடமும் வந்தது. அவர் நிறுத்தவில்லை. அதற்கப்பால் ஒரு மெட்டு நீண்டு, தாழ்ந்து, திரும்பி வந்து நின்றது.

ஞானேஸ்வரன் அவர் பக்கம் திரும்பினார். "அது அதிலை இல்லை. எழுதின கிழமையே கிழிச்சு எறிஞ்சிட்டன். ஒருத்தருக்கும் காட்டேல்லை."

"ஏன் எறிஞ்சனீங்கள்? எனக்கு அதுதான் பிடிச்சது."

அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்கு மறந்துபோச்சு, நகுலா," என்றார். "இன்னொருக்காப் பாடும்."