மைத்துனன் தந்த மடக்குக் கத்தி

நான் வயர்மேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை பெரும்பாலும் ராஜபாளையத்தில். நூல் மில், பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி, புதிதாக எழும்பும் வீடு என்று எங்கே கூப்பிட்டாலும் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். வயரின் தோலை உரிக்கத் தனிக் கருவி இருக்கிறது. என் பையிலும் ஒன்று கிடக்கிறது. ஆனால் ஏணி மேல் நிற்கும்போது கை தானாகத் தேடுவது சட்டைப்பையில் கிடக்கும் மடக்குக் கத்தியைத்தான்.

ரொம்ப வருஷம் மலிவுக் கத்திகளோடுதான் காலம் ஓடியது. ராஜபாளையத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் தார்ப்பாயை விரித்து நகவெட்டி, சீப்பு, சாவி வளையம் எல்லாம் விற்கும் ஒருவரிடம் வாங்குவேன். இல்லாவிட்டால் எங்கள் ஊர் ஆடித் தேருக்குப் போடும் கடைகளில். வாங்கிய அன்று நன்றாக வெட்டும். ஒரு வாரத்தில் மழுங்கிவிடும். மாங்காய் நறுக்கித் துடைக்காமல் வைத்துவிட்டால் மறுநாள் அலகில் கறுப்பு ஏறியிருக்கும். அப்புறம் ஆணி தளர்ந்து அலகு இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கும். ஆடும் கத்திக்கு ஏற்றபடி என் கையும் பழகிக்கொண்டது. அழுத்தக் கூடாது. முனையால் குத்தக் கூடாது. வயரின் மேல் சும்மா வைத்து இழுக்க வேண்டும். இப்படியெல்லாம் கை பழகியிருக்கிறது என்பதே எனக்கு அப்போது தெரியாது.

அந்தக் கத்திகள் மேல் எனக்குக் குறையும் கிடையாது. தொலைந்தால் தேட மாட்டேன். மில்லில் யாராவது பழம் வெட்டக் கேட்டால் "ஏலே, புடி" என்று தூக்கிப் போடுவேன். திரும்பி வந்தால் வந்தது, வராவிட்டால் தார்ப்பாய்க்காரர் இருக்கிறார்.

என் மனைவியின் தம்பிக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. பாதி வருஷம் கடலில் இருப்பான், மீதிக்கு ராஜபாளையத்தில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். நான் அவனை மாப்ளே என்பேன், அவன் என்னை அத்தான் என்பான். கல்யாணமான புதிதில் பள்ளிக்கூடப் பையனாக என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து சுற்றியவன். ஒரு தடவை லீவுக்கு வந்தபோது, துணியில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து எங்கள் வீட்டு மேஜை மேல் வைத்தான்.

"எடுத்துக்கிடுங்க அத்தான். கத்திய கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்னு அம்மா சொல்லும். அதான் கீழ வைக்கேன்."

"கப்பல்ல உலகத்தையே சுத்துதே, இதையெல்லாமா நம்புதே மாப்ளே?"

"கப்பல்ல இருக்கவன்தான் அத்தான் எல்லாத்தையும் நம்புவான்."

பார்த்தால் சாதாரணமாகத்தான் இருந்தது. கறுப்புக் கைப்பிடி, மினுமினுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பிடித்தால் வேர்த்த கையிலும் வழுக்கவில்லை. அலகை விரித்தால் கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு என்ன செய்தாலும் அது மடங்காது. கைப்பிடியின் முதுகில் இருக்கும் சின்னக் கட்டையை அழுத்தினால்தான் விடும். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டில் கிடந்த பழைய கேபிள் துண்டுகளை எல்லாம் எடுத்து உரித்துப் பார்த்தேன். "வெங்காயமாவது உரிச்சுத் தாங்களேன்" என்றாள் மனைவி.

அந்தக் கத்தி என் வேலையை மாற்றியது. கனமான கேபிளில் முனையைக் குத்தி, அழுத்தி, ஒரே இழுப்பில் மேல்தோலைப் பிளந்துவிடலாம். வேலை முடிந்ததும் துடைப்பேன், எப்போதாவது கல்லில் தீட்டி ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன். அதோடு என்னையும் கொஞ்சம் மாற்றிவிட்டது. ஒரு நாள் மில் கேன்டீனில் ஒரு ஃபிட்டர் கொய்யா வெட்டக் கத்தி கேட்டார். நான் கத்தியைக் கொடுக்காமல் பழத்தை வாங்கி நானே வெட்டிக் கொடுத்தேன்.

"கத்தியத்தானண்ணே கேட்டேன், சொத்துல பங்கா கேட்டேன்?" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த தடவையும் கொடுக்கவில்லை. மலிவான கத்தி வைத்திருந்தபோது இருந்த தாராளம் எங்கே போனது என்று பைக்கில் வரும்போது யோசித்திருக்கிறேன்.

பிறகு மைத்துனன் புது வீடு கட்ட ஆரம்பித்தான். சேத்தூர் போகும் ரோட்டுப் பக்கம் மனை. வயரிங் நான்தான் என்று எனக்குள் முடிவு செய்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியது என்று தோன்றவும் இல்லை. பூஜை அறைக்கு எங்கே பாயிண்ட், மோட்டாருக்கு எங்கே சுவிட்ச் என்று மனசுக்குள் வீடு முழுக்க லைன் ஓட்டி வைத்திருந்தேன். ஒரு நாள் வேலை விஷயமாக அந்த வழியாகப் போனால், சுவரைக் கொத்தி யாரோ பைப் பதித்துக்கொண்டிருக்கிறார்கள். பைக்கை நிறுத்திச் செத்த நேரம் பார்த்தேன். உள்ளே போகவில்லை. வீட்டில் வந்து சொல்லவும் இல்லை.

புது வீடு குடிபுகும் பால் காய்ச்சுக்கு அழைப்பு என் மனைவியின் போனுக்கு வாட்ஸ்அப்பில் வந்தது.

"ஒங்களுக்கும் சேத்துத்தான் அனுப்பிருக்கான்" என்றாள்.

"எங்கிட்ட போன் இல்லையா?"

"நேர்ல வாரேன்னுதான் சொன்னான். வீட்டு வேலை அலைச்சல்..."

"வரலைல்ல."

அவள் மட்டும் போய்வந்தாள். சாயங்காலம் வந்து பட்டுச்சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள். "எல்லாரும் கேட்டாக. காய்ச்சல்னு சொல்லிட்டேன். தம்பி மட்டும் நான் கிளம்புதப்ப வந்து, அத்தானுக்குக் காய்ச்சல் எப்பக்கா விடும்னு கேட்டான்."

மறுநாள் காலையில் கறுப்புக் கத்தியை பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

"கத்தி என்ன பண்ணுச்சு?" என்றாள் அவள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனேன்.

தார்ப்பாய்க்காரரிடம் இப்போது கைப்பிடியிலேயே டார்ச் வைத்த கத்தி வந்திருந்தது. அதை வாங்கினேன். ஒரு மாதத்துக்குள் அலகு கழன்று விழுந்தது. டார்ச் மட்டும் நன்றாக எரிந்தது. அடுத்து மரக் கைப்பிடி போட்ட ஒன்று. பார்க்க லட்சணமாக இருந்தது, கொஞ்சம் கனமும் இருந்ததால் நல்லதென்று நினைத்தேன்.

அந்தக் கத்தியோடுதான் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு கம்பெனிக்குப் போனேன். பழைய மோட்டார் கேபிளை மாற்றும் வேலை. ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். கீழே பெண்கள் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். கேபிளின் தோல் பழசாகி இறுகியிருந்தது. பழக்கத்தில் முனையைக் குத்தி அழுத்தினேன். முனை மாட்டிக்கொண்டது. கைப்பிடி மட்டும் கீழே போனது. கத்தி என் ஆள்காட்டி விரலின் மேல் மடங்கியது.

வலி உடனே தெரியவில்லை. எப்படி இறங்கினேன் என்றும் ஞாபகம் இல்லை. கீழே ஒரு அம்மா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், "அய்யோ தேவுடா" என்று தறியிலிருந்து வந்த துணியை அப்படியே உருவி என் கையில் சுற்ற ஆரம்பித்தார்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "ஏம்மா, அது இன்னும் ஸ்டெரிலைஸ் பண்ணலைம்மா!"

"மொதல்ல ரத்தம் நிக்கட்டும் சார். பொறவு வேக வச்சுக்கிடலாம்" என்றார் அந்த அம்மா, சுற்றுவதை நிறுத்தாமல்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலை விரித்துப் பார்த்தார். நிமிர்த்தச் சொன்னார். நான் நிமிர்த்தினேன், விரல் நிமிரவில்லை. நிமிர்த்துகிற தசைநாண் அறுந்திருக்கிறது, உடனே தைக்க வேண்டும் என்றார். மனைவிக்குப் போன் போட்டார்கள். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வர வேண்டும். அதற்குள் தம்பிக்குச் சொல்லியிருக்கிறாள். தையல் போட்டு என்னைக் கட்டிலில் கொண்டுவந்து விட்டபோது, கைலியோடு, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அவன் நின்றிருந்தான்.

வெளியே போய் இலையில் கட்டிய இட்லி வாங்கி வந்தான். வலது கை முழுக்கக் கட்டு. நான் இடது கையை நீட்டினேன். அதைக் கவனிக்காதவன் மாதிரி அவனே பிட்டு, சட்னியில் தொட்டு, என் வாயருகே கொண்டுவந்தான். வாங்கிக்கொண்டேன். இரண்டாவது இட்லி முடியும்போது கேட்டான்.

"எந்தக் கத்தி அத்தான்? நான் குடுத்ததா?"

குரலில் பயம் இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவ்வளவு நேரமும் தான் கொடுத்த கத்திதான் வெட்டிவிட்டது என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறான்.

"இல்ல மாப்ளே. அது பீரோல இருக்கு."

இலையை மடித்து ஓரமாக வைத்தான். "லாக் உள்ள கத்திய பீரோல வச்சிட்டு..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். பிறகு, "எம் வீட்டு வயரிங் வேலையாலதான இந்தக் கோவம்?" என்றான்.

"அந்தப் பக்கம் போறப்பப் பாத்தேன். வேற ஆளுக பைப் ஓட்டிக்கிட்டு இருந்தாக."

"பாத்தீகளா? பாத்துட்டு உள்ள வரலையா?"

"எதுக்கு வரணும்?"

"நான் கப்பல்ல இருந்தேன் அத்தான். வீடு கட்டுத காண்ட்ராக்டர் எல்லாத்தையும் மொத்தமாப் பேசிட்டாரு. எனக்கே பொறவுதான் தெரியும். ஒரு போன் போட்டு ஒங்களுக்குச் சொல்லிருக்கணும். இன்னைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு தள்ளிப் போட்டேன். தள்ளத் தள்ளச் சொல்லவே முடியாமப் போச்சு. பால் காய்ச்சுக்கு நேர்ல வந்து கூப்புட்டா வயரிங் பேச்சு வரும். அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் அக்கா போனுக்கு அனுப்புனேன்."

அதை நான் அந்த நிமிஷமே முழுசாக ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். போன் போட்டிருந்தாலும் கோபப்பட்டிருப்பேன். ஆனால் அது இரண்டு நாள் கோபமாக இருந்திருக்கும். "ம்" என்று மட்டும் சொன்னேன். அந்தச் சமயத்தில் மனைவி வந்து சேர்ந்தாள். கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள், தம்பியின் சட்டையைப் பார்த்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எம்புட்டுப் பொய்தான் சொல்லுவேன்? இனிமே நீங்களே பேசிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, அவன் சட்டைப் பித்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

வீட்டில் சும்மா இருந்த நாட்களில் நிறைய யோசித்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் மட்டமான கத்தியைத் திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே மாதிரிக் கத்திகளோடு எத்தனையோ வருஷம் ஒரு கீறல் இல்லாமல் வேலை பார்த்தவன் நான். நடுவில் நல்ல கத்தி வந்து என் கைக்கு வேறு பழக்கத்தைக் கொடுத்துவிட்டது. மடங்காது என்று நம்பி அழுத்தக் கற்றுக்கொண்ட கை, மடங்குகிற கத்தியிலும் அதே மாதிரி அழுத்தியது. நல்ல பொருளிலிருந்து மட்டமான பொருளுக்குத் திரும்பினால், வித்தியாசம் கடைக்காரருக்குத் தெரியும், பணம் கொடுக்கிற நமக்கும் தெரியும். கைக்குத் தெரிவதில்லை.

கறுப்புக் கத்தி பீரோவில் இல்லை. தேடிப் பார்த்தால் சமையலறையில் கரண்டிகளோடு கிடந்தது. நான் வைத்த மறுநாளே மனைவி எடுத்துவிட்டாளாம். வாழைப்பூ, பலாக்கொட்டை, பால் பாக்கெட், எல்லாம் அதில்தான். அலகில் பலாப் பிசின் ஒட்டியிருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்தேன், போய்விட்டது. என்னை அறியாமல் "இத இப்படியெல்லாம் போட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"வெட்டத்தான கத்தி?" என்றாள். பேச்சு முடிந்தது. இப்போதும் அது அவளிடம்தான் இருக்கிறது. என் விரல் முழுசாக நிமிராது. கத்தியின் முதுகுக் கட்டையை அழுத்த இன்னும் தடுமாறுகிறேன்.

கட்டுப் பிரித்த பிறகு மைத்துனன் நேரில் வந்து எங்கள் இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டான். போனோம். அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். சாப்பாட்டில் மனசு செல்லவில்லை. கண் சுவிட்ச் போர்டுகள் மேலேயே போய்க்கொண்டிருந்தது. கை கழுவியதும் கேட்டேன்.

"மாப்ளே, டிபி பாக்ஸைத் திறந்து பாக்கட்டுமா?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்து, வீட்டு லைன் எல்லாம் வந்து சேரும் அந்தப் பெட்டியின் மூடியை அவனே கழற்றினான். குறை ஒன்று கண்ணில் படும் என்று காத்துக்கொண்டுதான் நான் எட்டிப் பார்த்தேன். வயர்கள் நிறம் பிசகாமல் வரிசையாக வளைந்து இறங்கியிருந்தன. எர்த் சரியாக இருந்தது. எந்த ஸ்க்ரூவுக்கு வெளியிலும் செம்புக் கம்பி தெரியவில்லை. எது எந்த அறைக்கு என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். பூஜை அறைக்குத் தனி லைன். நானாக இருந்தால் அது எனக்குத் தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை. அவன் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"யாரு பண்ணுனது?"

"சோழபுரத்துக்காரர் ஒருத்தர் அத்தான்."

"நல்லாப் பண்ணிருக்காரு" என்றேன். சொல்ல முடிந்தது. சொன்ன பிறகு, நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை.

அவன் மூடியை மாட்டினான். நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கி முடித்தான். பிறகு, "அவர் நம்பர் இருக்கா? கை சரியாகுற வரைக்கும் எனக்குக் கூட ஒரு ஆள் வேணும்" என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலமே போன் போட்டேன். எந்த வேலையைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்டார். என் மைத்துனன் வீட்டு வேலையை, என்றேன். திங்கட்கிழமையிலிருந்து வருவதாகச் சொன்னார்.